ஆச்சியின் முதுகும் நாலு ரப்பர் வளையமும்

மக்களே, முதல்லயே சொல்லிடுறேன். குடும்பக் காருக்கு பதினாறு இஞ்ச் அலாய் மாட்டி, ஸ்பிரிங்கை இறுக்கி, "வண்டி ரோட்டை அப்படியே கவ்விப் பிடிக்குது மச்சி"ன்னு சிலாகிக்கிற என் இனத்துக்கு எதிரான பதிவு இது. என் இனம்னு ஏன் சொல்றேன்னா, போன வருஷம் வரைக்கும் நானும் அதுல ஒருத்தன். மெக்கானிக்கல் படிச்சிட்டு பொட்டி தட்டப் போனவனுக்கு ஸ்பானரைப் பார்த்தா கை நமநமன்னு அரிக்கும். அந்த அரிப்புக்கு என்ன விலை கொடுத்தேன்னு சொல்லிட்டு அப்புறம் சண்டைக்கு வர்றேன்.

எங்க ஊர் பனவடலிசத்திரம். திருநெல்வேலியில இருந்து மானூர், தேவர்குளம் தாண்டி சங்கரன்கோவில் போற வழி. கரிசக்காடு. கரிசல் மண்ணைப் பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு வரி: மழை பெஞ்சா உப்பும், வெயில் அடிச்சா சுருங்கி கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். மேல எவ்வளவு தார் போட்டாலும் அடியில மண்ணு மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கும். அதனால எங்க பக்கத்து உள்ரோடெல்லாம் ரெண்டு மழை பார்த்ததும் அலை அலையா ஆயிடும்.

வீட்டுல ஒரு சின்ன செடான். வயசு பத்து. அப்பா ஒருநாள் போன்ல, "ஏல, பின்னாடி மூணு பேரு ஏறி டிக்கியில ஒரு மூட்டை வச்சா போதும், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் அடி இடிக்கு. என்னன்னு பாரு"ன்னார். அவர் கேட்டது அவ்வளவுதான். நான் செஞ்சது என்ன? வண்டியை ஒரு மாசம் சென்னைக்குக் கொண்டு வந்தேன். ஒரு ஆக்சசரீஸ் கடையில நாலு ஸ்பிரிங்குக்கும் ரப்பர் பஃபர், ரேஸ் காருக்குப் போடுற மாதிரி முறுக்கேறின ஷாக் அப்சார்பர், பதினாறு இஞ்ச் அலாய். "சார், இனிமே வண்டி ஜெர்மன் கார் மாதிரி இருக்கும்"னான் கடைக்காரப் பையன். நானும் இளிச்சிக்கிட்டே கார்டைத் தேய்ச்சேன்.

மதுரை தாண்டி கோவில்பட்டி வரைக்கும் நாலு வழிச்சாலை. உண்மையைச் சொல்லணும்ல, வண்டி சூப்பரா இருந்துச்சு. லேன் மாறுறப்ப ஒரு ஆட்டம் கிடையாது. தனி ஆளா ஓட்டிட்டு வந்தேன், ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்த கைக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலையில ஆச்சியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். பின்சீட்டுல ஆச்சியும் அம்மாவும். தேவர்குளம் வரைக்கும் ஆச்சி ஒண்ணும் பேசலை. கண்ணாடியில பார்த்தா முன்சீட்டை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிட்டு வாறா. ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல "அம்மாடி"ன்னா. நான் வேகமா ஒண்ணும் போகலை, நம்புங்க. திரும்பி வர்றப்ப, "ஏ ராசா, என்னைய பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுரு, நான் பஸ்ல வாறேன்"னா. சிரிச்சேன். கார்லயேதான் கூட்டிட்டு வந்தேன்.

அன்னைக்கு ராத்திரியே முதுகு வலி. ரெண்டு நாள் தைலம் தேய்ச்சும் கேட்கலை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தா இடுப்புக்கு மேல ஒரு முதுகெலும்பு நசுங்கியிருக்கு. எலும்பு ஏற்கனவே தேய்ஞ்சு போயிருந்துச்சு, அதையும் மறைக்க விரும்பலை. ஆனா டாக்டர் கேட்ட கேள்வி இன்னும் காதுல கிடக்கு. "பாட்டி பஸ்ல கடைசி சீட்டுல உட்கார்ந்து வந்தாங்களா?"

"இல்ல சார், சொந்தக் கார்ல."

சரி, சோகக் கதை முடிஞ்சது. இனி சண்டை.

என் கட்சி இதுதான்: குடும்பக் காருல சஸ்பென்ஷன் நல்லாயிருக்கா இல்லையான்னு தீர்ப்புச் சொல்ல ஓட்டுறவனுக்கு உரிமை கிடையாது. பின்சீட்டுல உட்கார்ந்திருக்கிற முதுகுதான் நீதிபதி. இறுக்கமா இருந்தா தரம்னு நினைக்கிறதும், அதை அப்கிரேடுன்னு விக்கிறதும் சுத்த ஏமாத்து வேலை. ஏமாத்துறவன் கடைக்காரன்னா, ஏமாறுறதுக்கு வரிசையில நிக்கிறது எஞ்சினியரிங் படிச்ச நாமதான்.

கணக்கைப் பார்ப்போம். "டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி" பேப்பர்ல அரியர் வச்சவங்க பயப்பட வேணாம், ரொம்ப எளிசு :-)

கார் ஒரு பாரம், ஸ்பிரிங் மேல உட்கார்ந்திருக்கு. அமுக்கி விட்டா அதுக்குன்னு ஒரு வேகத்துல ஆடும். சாதாரண குடும்பக் காருக்கு அது நொடிக்கு ஒண்ணுல இருந்து ஒண்ணரை தடவை, அதாவது 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ். நாம நடக்குறப்ப உடம்பு ஏறி இறங்குற வேகமும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான், அதனால உடம்பு அதைப் பொறுத்துக்கும். ஆனா மேல கீழ வர்ற அதிர்வு 4-ல இருந்து 8 ஹெர்ட்ஸ் வரைக்கும் போச்சுன்னா உட்கார்ந்திருக்கிற மனுஷனை அதுதான் அதிகமாப் படுத்தும்.

இப்ப ரப்பர் பஃபர். காயில் ஸ்பிரிங்கோட ரெண்டு சுத்துக்கு நடுவுல ஒரு வளையத்தைச் செருகுறாங்க. வண்டி கொஞ்சம் உயரும், இடிக்கிறது நிக்கும். எப்படி? அந்த இடத்துல ஒரு சுத்து வேலை செய்யாமப் போகுது. அஞ்சு சுத்து வேலை செஞ்ச இடத்துல நாலுதான் வேலை செய்யும்னா ஸ்பிரிங் 25 சதவீதம் கடினமாயிடுச்சுன்னு அர்த்தம். பழைய ஷாக் அப்சார்பரை அப்படியே விட்டிருந்தீங்கன்னா அது பழைய ஸ்பிரிங்குக்காக அளவெடுத்த சட்டை. கடினமான ஸ்பிரிங்கை அதால அடக்க முடியாது, மேடு தாண்டினதும் வண்டி குதிக்கும். குதிக்குதேன்னு என்னை மாதிரி முறுக்கான ஷாக்கையும் போட்டா, ரோட்டுல உள்ள வெடுக் வெடுக் எல்லாம் வடிகட்டாம நேரா சீட்டுக்கு வரும்.

அடுத்து டயர். முன்னாடி இருந்தது 165/80 ஆர்14. அதுல ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல 132 மி.மீ. ரப்பரும் காத்தும். அந்த இடத்துல 195/55 ஆர்16 மாட்டினேன். டயரோட மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், ஆனா பக்கவாட்டு உயரம் 107 மி.மீ. ஒரு இஞ்ச் மெத்தையைக் காசு கொடுத்து உருவிப் போட்டிருக்கேன்! வெளிய இருந்து பார்க்கிறவனுக்கு அழகு. உள்ள இருக்கிறவளுக்கு அடி.

"கார்னர்ல வண்டி சாயுமே"ம்பீங்க. சாயும்தான். சாய்ஞ்சா கவுந்துடும்னு அர்த்தமில்ல. அந்தச் சாய்வைக் குறைக்கத்தான் ரெண்டு பக்கத்தையும் சேர்க்கிற ஆன்ட்டி ரோல் பார்னு ஒரு கம்பி இருக்கு. அதோட புஷ்ஷும் லிங்க்கும் தேய்ஞ்சு போயிருந்தா மாத்துங்க. அப்புறம் இன்னொண்ணு, மேடு பள்ளத்துல சக்கரம் தரையை விட்டு எகிறாம ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான் பிரேக் பிடிக்கும், ஸ்டியரிங் கேட்கும். இறுகின வண்டி கரடுமுரடான ரோட்டுல எகிறி எகிறிப் போகும். அப்ப எங்க போச்சு உங்க "கவ்விப் பிடிக்குது"?

"சொகுசு வேணும்னா ஹேண்ட்லிங்கை மறந்துடணும்"ங்கிறது இன்னொரு புருடா. பிரான்ஸ்ல 1930-கள்ல சிட்ரோன் கம்பெனித் துணைத் தலைவர் பூலாஞ்சே விவசாயிகளுக்கு ஒரு கார் பண்ணச் சொன்னார். உழுத வயல்ல ஒரு கூடை முட்டையோட போனா ஒரு முட்டை கூட உடையக் கூடாது, இதுதான் நிபந்தனை. அதுல பிறந்ததுதான் 1948-ல வெளிவந்த 2சிவி. ஸ்பிரிங் மெத்துனு, சக்கரம் ஏறி இறங்க நிறைய இடம். திருப்பத்துல பயங்கரமாச் சாயும், ஆனா ரோட்டை விடாது. 1990 வரைக்கும் அதைச் செஞ்சாங்க. அதெல்லாம் பழைய கதைன்னா, இங்கயே 2021-ல வந்த மஹிந்திரா எக்ஸ்யுவி700-ஐ எடுத்துக்கோங்க. வெடுக்குனு வர்ற அதிர்வுக்கு இளகி, மெதுவான ஆட்டத்துக்கு இறுகுற ஷாக் அப்சார்பர் அதுல இருக்கு. பெரிய கம்பெனிக்காரன் ரெண்டையும் சேர்த்து வைக்கப் படாத பாடு படுறான். நாம நாலு வளையத்தைச் செருகி அதைக் கெடுக்கிறோம்.

பிரான்ஸ் வரைக்கும் கூட ஏன் போகணும்? கட்டைவண்டிக்கும் வில்வண்டிக்கும் வித்தியாசம் தெரியாத ஆச்சி எங்க பக்கம் உண்டா? மூட்டை ஏத்துறதுக்குக் கட்டைவண்டி, பொண்ணு மாப்பிள்ளையை ஏத்துறதுக்கு வில்வண்டி. மனுஷன் ஏறுற வண்டிக்கு வில்லு வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டிப் படிச்சிட்டு வந்து வில்வண்டியைக் கட்டைவண்டியா மாத்தியிருக்கேன்.

ஸ்பீட் பிரேக்கர் போடுற ஆளுங்களையும் சும்மா விடப் போறதில்ல. இந்திய சாலைக் காங்கிரஸோட ஐ.ஆர்.சி. 99-னு ஒரு விதிமுறை 1988-லயே வந்தாச்சு. மேடு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், அதை 25 கி.மீ. வேகத்துல சொகுசாத் தாண்டலாம். அந்த வேகத்துல 3.7 மீட்டரைத் தாண்ட அரை நொடி ஆகும். வண்டியோட இயல்பான ஆட்டமும் அதே தாளம்தான், தாலாட்டுற மாதிரி ஏறி இறங்கும். நம்ம ஊர்ல என்ன போடுறாங்க? அரை மீட்டர் அகலத்துல ஒரு வரப்பு. வெள்ளைக் கோடும் கிடையாது, எச்சரிக்கைப் பலகையும் கிடையாது. அதே வேகத்துல அதைத் தாண்ட 0.07 நொடி. கணக்குப் போட்டா ஏறக்குறைய 7 ஹெர்ட்ஸ். முதுகை அதிகமாப் படுத்துற அதே எல்லை! இப்படிப்பட்ட ரோட்டுல ஓடுற காரை இறுக்கணும்னு சொல்றவன் எந்த ஊர்க்காரன்?

ஆச்சி படுத்த பிறகு சங்கரன்கோவில்ல ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனேன். பெரியவர் அடியில படுத்துப் பார்த்துட்டு எழுந்து துணியில கையைத் துடைச்சார். "தம்பி, ஸ்பிரிங்கு தூக்கும், ஷாக்கு பிடிக்கும். பழைய ஸ்பிரிங்கு அசந்து போச்சு, அதான் இடிச்சிருக்கு. புது ஸ்பிரிங்கு போட வேண்டிய எடத்துல ரப்பரைப் போட்டு வச்சிருக்கீரு."

அவ்வளவுதான் மேட்டர். பத்து வருஷத்துல பின் ஸ்பிரிங் தளர்ந்து போச்சு. வியாதியைப் பார்க்காம நான் ஆபரேஷன் பண்ணியிருக்கேன். கம்பெனி அளவுலயே புது ஸ்பிரிங், நல்ல கேஸ் ஷாக் அப்சார்பர் ஜோடி ஜோடியா, கிழிஞ்ச லோயர் ஆர்ம் புஷ், வெடிச்ச ஸ்டிரட் மவுண்ட், பழைய அளவுலயே நல்ல டயர். டயர்ல காத்து, டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல உள்ள அளவு, பங்க்ல பையன் இஷ்டத்துக்கு அடிக்கிற அளவு இல்ல. கடைசியா வீல் அலைன்மென்ட். மொத்தச் செலவு சென்னையில கொட்டினதுல பாதி கூட வரலை. வண்டி புதுசா வாங்கின அன்னைக்கு இருந்ததை விடவும் நல்லாயிருக்கு. பின்னாடி மூணு பேரு ஏறினாலும் இடிக்கலை.

சட்டம் பேசுறவங்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019-ல உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொல்லிச்சு. தேய்ஞ்சதை மாத்துறது பராமரிப்பு. இருக்கிற அமைப்பையே மாத்துறது வேற சங்கதி. கடைக்காரன் இதைச் சொல்ல மாட்டான்.

தனி ஆளா ட்ராக்ல ஓட்ட ஒரு வண்டி வச்சிருக்கீங்களா? பாறை மாதிரி இறுக்கிக்கோங்க, உங்க முதுகு, உங்க பாடு. ஆனா அப்பா அம்மா ஏறுற வண்டியில கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை. சாவியை வேற யார்கிட்டயாவது கொடுத்துட்டு, பின்சீட்டுல, சக்கரத்துக்கு மேல, நீங்க உட்காருங்க. ஊருக்குள்ள பத்து கிலோமீட்டர் போய்ட்டு வாங்க. அதுக்கப்புறமும் "கவ்விப் பிடிக்குது"ன்னு எழுதுனீங்கன்னா பின்னூட்டத்துல வந்து கால்ல விழுறேன்.

ஆச்சி மூணு மாசம் பெல்ட் போட்டுப் படுத்துக் கிடந்தா. இப்ப நடக்கா. போன மாசம் சங்கரன்கோவில் கோமதி அம்மனைப் பார்க்கணும்னா. காரை எடுத்தேன். கதவுகிட்ட வந்து நின்னவ உள்ள ஏறலை. பின்சீட்டைக் கையால ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தா. சஸ்பென்ஷன் சோதனையாம்! "சரியாக்கிட்டியா, ராசா?"ன்னா.

"ஆக்கிட்டேன் ஆச்சி."

ஏறினா. ஆனா ரெண்டு கையும் முன்சீட்டைப் பிடிச்சிருந்துச்சு. கோயில் வர்ற வரைக்கும் விடலை.

டிஸ்கி: அந்த நாலு ரப்பர் வளையத்தையும் தூக்கிப் போடலை. என் மேசை மேலதான் இருக்கு, ஆபீஸ்ல ஆணி புடுங்குறப்ப கண்ணுல படட்டும்னு.