கணினி இருக்கட்டும், பெரியத்தையைப் பாருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். நாற்பத்தைந்து நிமிஷ வகுப்பையே தாங்கியவர்கள் நீங்கள், இதையும் தாங்குவீர்கள்.

பழைய படங்கள், கடிதங்கள், நோட்டீஸ்களை மின்தொகுப்பாக்கும் பயிலரங்கு அடுத்த மாதம் நம் ஊரில் நடக்கிறது. நம்மில் பத்துப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். வந்த குறிப்புத் தாளில் ஒரு பக்கம் முழுக்க மடிக்கணினியைப் பற்றி. கடைசியில் ஒரே வரி: பத்துப் பொருட்கள் கொண்டுவரவும். இந்த வரிசை தலைகீழ் என்பது என் கருத்து.

கணினி வேலை ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். இருபது ஜிபி இடம் காலி செய்யுங்கள். மென்பொருளை வீட்டிலேயே இறக்கி நிறுவிவிடுங்கள். அங்கே எல்லாரும் ஒரே வைஃபையில் இறக்கினால் மதியச் சாப்பாடு வரை சக்கரம்தான் சுற்றும். ஆபீஸ் மடிக்கணினி என்றால் நிறுவ அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். எக்செலில் பட்டியல் போட்டால் யுடிஎஃப்-8 என்று போட்டிருக்கும் சிஎஸ்வியாகச் சேமியுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். படங்களை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். அவ்வளவுதான் கணினி.

பொருளுக்கு வருவோம். என்னிடம் ஒரு கல்யாணப் படம் இருக்கிறது. பதினாலு பேர் நிற்கிறார்கள். ஒன்பது பேரை எனக்குத் தெரியும். மீதி ஐந்து பேரைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான், எண்பத்தெட்டு வயதுப் பெரியத்தை. "முதல்ல ஸ்கேன் பண்ணிடலாம், விவரம் அப்புறம் எழுதிக்கலாம்" என்று தம்பி மகன் சொல்கிறான். படம் பீரோவில் இன்னும் இருபது வருஷம் இருக்கும், தம்பி. பெரியத்தை இருப்பாரா? அறுநூறு டிபிஐயில் எடுத்தாலும் பெயர் தெரியாத முகம் பெயர் தெரியாத முகம்தான்.

தேதியும் அப்படித்தான். தாத்தா கடிதத்தில் "பிலவ வருஷம் பங்குனி" என்று மட்டும் இருக்கும். பிலவ வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். அந்தப் பங்குனி 1902-லும் வந்தது, 1962-லும் வந்தது. கடிதத்தில் வரும் குழந்தை யார் என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னால்தான் எது என்று பிடிபடும். எந்த மென்பொருளும் அதைச் சொல்லாது.

அதனால் பத்துப் பொருளுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுங்கள், 001 என்று தொடங்கி. ஸ்கேன் கோப்புக்கும் அதே எண். நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே யார், எங்கே, எப்போது, யாரிடமிருந்து வந்தது, இந்த விவரத்தைச் சொன்னது யார் என்று எழுதுங்கள். சந்தேகமானால் சந்தேகம் என்றே எழுதுங்கள், ஊகத்தை உண்மையாக்க வேண்டாம். படத்தின் பின்னால் எழுதுவதானால் பென்சிலால், மெதுவாக. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடேயே எடுக்கலாம்.

"கல்யாணப் பத்திரிகையெல்லாம் ஒரு பொருளா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்து வைத்தவைதான் 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாயின. அவர் சேர்த்ததில் புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகையும் உண்டு, நாடக நோட்டீஸும் உண்டு. தயங்காமல் எடுத்து வா.

ஆனால் எல்லாவற்றையும் எடுத்து வர வேண்டாம். கடன் கேட்டு எழுதிய கடிதம், குடும்பச் சண்டைக் கடிதம், உயிரோடிருப்பவரின் சான்றிதழ், இவற்றை உரியவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இணையத்தில் ஏற்றியதைத் திரும்ப வாங்குவது லேசில்லை. இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் கமென்ட்டில் வரலாம்.

பெரியத்தை இப்போது மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். மதியம் தூங்குவார், நாலு மணிக்கு மேல் போங்கள். இடது காது கேட்காது, வலப்பக்கம் உட்காருங்கள். படத்தை செல்லில் காட்டாமல் பெரிதாக பிரின்ட் போட்டுக் கையில் கொடுங்கள். வெற்றிலை மறக்காதீர்கள்.