உல்லாசக் கப்பல்கள்: முடிவு தில்லியில், சுமை கொச்சியில்

புது தில்லி: உல்லாசக் கப்பல்களை ஈர்ப்பதில் மத்திய அரசு காட்டும் வேகம், அவை வந்து நிற்கும் பழம்பெரும் துறைமுக நகரங்களைக் காப்பதில் காணப்படவில்லை.

மத்திய கப்பல் போக்குவரத்து அமைச்சர் சர்வானந்த சோனோவால் 2024 செப்டம்பர் 30-ல் மும்பையில் தொடங்கி வைத்த "குரூஸ் பாரத்" திட்டம், 2029-க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க முனைகிறது. கொச்சி வெலிங்டன் தீவில் "சாகரிகா" பயணிகள் முனையம் 2021-லேயே திறக்கப்பட்டுவிட்டது.

இப்பயணிகள் உண்பதும் உறங்குவதும் கப்பலிலேயே. கரையில் அவர்கள் கழிப்பது சில மணி நேரமே. கைவினைக் கடைகளுக்கும் வாடகைக் கார்களுக்கும் ஓரளவு வருவாய் உண்டு. தங்கும் விடுதிகளுக்குப் பயனில்லை. ஆனால், 1568-ல் கட்டப்பட்ட யூதர் ஜெப ஆலயம் அமைந்த மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்கள் ஒரே வேளையில் பெருங்கூட்டத்தைத் தாங்க வேண்டியுள்ளது.

வெனிஸ் நகரில் 2019 ஜூனில் ராட்சதக் கப்பலொன்று படகுத்துறையில் மோதிய பின்னரும் தயங்கிய இத்தாலி அரசு, 2021 ஆகஸ்டில்தான் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜுதெக்கா கால்வாயில் நுழையத் தடை விதித்தது. பார்சிலோனாவோ தனது 7 கப்பல் முனையங்களை 2030-க்குள் 5 ஆகக் குறைக்க 2025-ல் முடிவெடுத்தது.

இங்கு பெருந்துறைமுகங்கள் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உள்பட்டவை. தெருக்களும் குப்பையும் மாநகராட்சியின் பொறுப்பு. பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் 2023 மார்ச்சில் பற்றிய தீயால் பல நாள்கள் புகையில் திணறிய நகரம் கொச்சி. நாளொன்றுக்கு எத்தனை கப்பல், எத்தனை பயணிகள் என வரம்பு விதிப்பதிலும், கட்டண வருவாயிலும் மாநகராட்சிக்குப் பங்களிக்காவிடில், வெனிஸ் காலங்கடந்து கற்ற பாடத்தை நாமும் அதே விலை கொடுத்தே கற்க நேரிடும்.