போனுக்குக் கெடு வைத்தவர் யார்?

இரவு ஷிப்டு விட்டு வந்த பஞ்சாலைத் தோழர் ஒருவர், சிங்காநல்லூர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தம் செல்போனையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, போன் கெட்டுப் போச்சுங்களா?" என்று கேட்டோம்.

"கெடவே இல்லீங்க. பேசுது, பாட்டுப் பாடுது, போட்டோ புடிக்குது. ஆனா காலேஜ் போற பையன் நேத்து வாங்கிப் பாத்துட்டு, 'அப்பா, இதுக்குக் கம்பெனிக்காரன் அப்டேட் குடுக்கறத நிறுத்தி ஒன்றரை வருசம் ஆச்சு. இதுல பேங்க்குக் கணக்கு வெச்சுக்காதீங்க'ன்னு சொல்லிப்போட்டானுங்க. மூணு தீபாவளிக்கு முந்தின போனசுல வாங்குனதுங்க இது!"

போன் சாகவில்லை. ஆனால் அது கடைக்கு வருமுன்பே அதற்குச் சாவு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. செய்தவருக்கு அந்த நாள் தெரியும். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசைக் கொடுத்து வாங்கியவருக்கு மட்டும் தெரியாது! இது என்ன நியாயம், தோழர்களே?

ஓட்டையும் ஒட்டும்

செல்போன் என்பது வெறும் கண்ணாடியும் தகடும் அல்ல. அதற்குள் ஓடும் சாப்ட்வேர்தான் அதன் உயிர். அதை எழுதுகிறவர்களும் மனிதர்களே. ஆகவே அதில் ஓட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றாக வெளிப்படும். 2015 ஜூலையில் 'ஸ்டேஜ்பிரைட்' என்ற ஓட்டை வெளியாயிற்று. ஒரே ஒரு படச் செய்தியை அனுப்பி அடுத்தவர் ஆண்ட்ராய்டு போனுக்குள் நுழைந்துவிடலாம் என்ற நிலை! உலகமே திடுக்கிட்டது. அதற்கு அடுத்த மாதம் முதல் கூகுள் கம்பெனி மாதந்தோறும் ஒட்டுப் போட ஆரம்பித்தது. அந்த ஒட்டுக்குத்தான் செக்யூரிட்டி அப்டேட் என்று பெயர்.

ஆனால் கூகுள் போடும் ஒட்டு நேரே நம் கைக்கு வந்துவிடாது. சிப்பு செய்யும் குவால்காம், மீடியாடெக் போன்ற கம்பெனிகளின் ஒத்துழைப்பு வேண்டும். பிறகு போன் செய்த கம்பெனி அதைத் தன் போனுக்கேற்பத் திருத்தி அனுப்ப வேண்டும். நடுவில் ஒருவர் கையை விரித்தாலும் நமக்கு ஒன்றும் வராது.

இன்னொரு கொடுமையையும் கேளுங்கள். ஒட்டுப் போடும்போதே ஓட்டை எங்கே இருந்தது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது! புதுப் போன்காரர் வீட்டில் ஓட்டை அடைபட்டுவிடும். பழைய போன்காரர் வீட்டிலோ ஓட்டையும் அப்படியே இருக்கும். அது இருக்கும் இடமும் பறையறையப்பட்டிருக்கும்.

"ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறவர்கள்தானே அதிகம்? அதற்கு அப்டேட் என்ன செய்யும்?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், அதற்கு விழிப்புத்தான் மருந்து. ஆனால் வாசலில் திருடன் நிற்கிறான் என்பதற்காகக் கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவார் உண்டா?

பணக்காரனுக்கு ஏழு, பாட்டாளிக்கு மூன்று

"நீண்ட நாள் அப்டேட் கொடுக்க முடியாது, கட்டுப்படியாகாது" என்று கம்பெனிகள் நெடுங்காலம் சொல்லி வந்தன. 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8 போனுக்கு ஏழாண்டு அப்டேட் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் தன் எஸ் 24 போனுக்கு அதே ஏழாண்டு என்றது. 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு ஆப்பிள் 2023 ஜனவரியிலும் ஒட்டு அனுப்பியது. இவர்கள் பெருமுதலாளிகள் என்று தள்ளிவிட வேண்டாம். ஹாலந்து நாட்டில் பேர்போன் என்றொரு சிறு கம்பெனி 2015-இல் விற்ற போனுக்கு, சிப்புக் கம்பெனி கைவிட்ட பிறகும், 2023 வரை அப்டேட் கொடுத்துக் காட்டியது. ஆகவே முடியாதது அல்ல, மனமில்லாததுதான்.

பிக்சல் 8, எஸ் 24 இரண்டும் நம் நாட்டில் முக்கால் லட்ச ரூபாய்க்கு மேல் விலை வைத்து வந்தவை. பீளமேட்டு மில் தொழிலாளியும் திருப்பூர் பனியன் கம்பெனித் தையல்காரரும் வாங்குவது பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் போன். அந்த வகைக்குப் பெரும்பாலும் கிடைத்து வந்தது இரண்டு, மூன்று, மிஞ்சினால் நான்கு ஆண்டு. அண்மையில் ஓரிரு கம்பெனிகள் ஆண்டைக் கூட்டியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அது கம்பெனியின் தயவே தவிர நமது உரிமை அல்ல.

அந்த மூன்றாண்டாவது முழுசாகக் கிடைக்கிறதா? அதிலும் சூது! அந்தக் கணக்கு பொதுவாக நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. அந்த மாடல் முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. வந்து ஒன்றரையாண்டு ஆன மாடலை, "ஆடித் தள்ளுபடி, அதிரடி விலை" என்று போர்டு மாட்டி விற்கிறார்கள். நம் தோழர் மலிவு என்று மகிழ்ந்து வாங்குகிறார். மூன்றாண்டில் பாதி, பெட்டியைப் பிரிக்குமுன்பே போய்விட்டது! சிங்காநல்லூர்த் தோழருக்கு நேர்ந்தது இதுதான்.

காயில் கட்டத் தெரிந்த ஊர்

நாம் எதையும் எளிதில் தூக்கி எறிகிறவர்கள் அல்ல. 1937-லேயே ஜி. டி. நாயுடுவின் முயற்சியால் மின் மோட்டார் செய்து பார்த்த ஊர் கோவை. மோட்டார் காயில் கருகினால் புதுக் காயில் கட்டி ஓட்டுகிறோம். பேரிங் தேய்ந்தால் மாற்றுகிறோம். சோமனூரிலும் பல்லடத்திலும் அப்பன் ஓட்டிய விசைத்தறியை மகன் ஓட்டுகிறான். கிரைண்டர் கல் தேய்ந்தால் கொத்தி வைத்து மறுபடி மாவாட்டுகிறோம். "மூன்றாண்டு ஆயிற்று, இனி இந்த மோட்டாரைத் தொடாதே" என்று எந்த மோட்டார்க் கம்பெனியும் நம்மிடம் சொன்னதில்லை. சொன்னாலும் கேட்கிற ஊர் இது அல்ல.

ஆனால் போன் விஷயத்தில் நம் கைத்திறன் செல்லவில்லை. பேட்டரியைக் காந்திபுரம் கடையில் மாற்றலாம், டிஸ்பிளேயையும் மாற்றலாம். சாப்ட்வேரை மட்டும் பூட்டிச் சாவியைக் கம்பெனி தன் இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறது. இது ஒன்றும் புதுத் தந்திரம் அல்ல. 1924-இல் ஜெனீவாவில் மின்விளக்கு முதலாளிகள் ஒன்றுகூடி, பல்பு 1000 மணி நேரத்துக்குமேல் எரியக் கூடாது என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அதிக நாள் எரியும் பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம்! பல்பு போய்ப் போன் வந்திருக்கிறது, புத்தி மாறவில்லை.

எழுதாத ஒரு வரி

பிற நாடுகள் விழித்துக்கொண்டன. அப்டேட்டைக் கொண்டே பழைய போனை மந்தமாக்கிய குற்றத்துக்காக 2018-இல் இத்தாலி, ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எந்த நாள் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்பதை வாங்குவோருக்குத் தெரிவித்தே தீர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதியோ, ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய நாளிலிருந்து ஐந்தாண்டுக் கணக்குப் போடுகிறது. ஆனால் அந்த விதியிலும் 'அப்டேட் வழங்கினால்' என்றொரு சொல் புகுந்திருக்கிறது. 'வழங்கினால்' என்ற சந்துக்குள் யானையே நுழைந்துவிடும்! நாம் சட்டம் எழுதும்போது அந்தச் சொல் வேண்டாம்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு. அந்த ஆண்டு டிசம்பர் 24-இல் ஓர் இணையதளம். 2024 செப்டம்பரில் இன்னொரு குழு. அந்தக் குழு, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று போனுக்கு மார்க்குப் போட வேண்டும், அதில் சாப்ட்வேர் அப்டேட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. நல்ல யோசனைதான். குழு உண்டு, அறிக்கை உண்டு, கட்டளை எங்கே?

ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் போன் பூட்டுகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கையால் செய்த போன் செருமனிக்குப் போனால் அதைச் சட்டம் காக்கிறது. அதே போன் கோவைக்கு வந்தால் கம்பெனியின் வாக்குத்தான் காக்க வேண்டும்!

நாம் கேட்பது மலையை அல்ல. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, போன் பெட்டிமேல் அதிகபட்ச விலையையும் மாதம், ஆண்டையும் அச்சிட்டே ஆக வேண்டும். அதன் கீழே இன்னும் ஒரு வரி: 'இந்தப் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்ன நாள் வரை.' மாத்திரை அட்டையில் காலாவதி நாள் இல்லையா? பத்து ரூபாய் பிஸ்கட்டுக்கு இல்லையா? பத்தாயிரம் ரூபாய்ப் போனுக்கு ஏன் இல்லை? விதியைத் திருத்த வேண்டியது டில்லி. எடை குறைந்தால் கடைக்குள் நுழைந்து பிடிக்க நம் மாநிலத் தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இந்த நாளையும் அவர்கள் பார்க்கட்டும்! அடுத்தபடியாக, கடைசிப் போன் விற்ற நாளிலிருந்து ஐந்தாண்டுக்குக் குறையாத அப்டேட் எல்லா விலைப் போனுக்கும் கட்டாயமாக வேண்டும்.

"விலை ஏறிவிடும்" என்று மிரட்டுவார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்தாயிரம் கொடுப்பதைவிட, சில நூறு கூடக் கொடுத்து ஆறாண்டு வைத்திருப்பது லாபமா, நட்டமா? மில் வாசலில் கணக்குப் போடத் தெரியாதவர் யாரும் இல்லை.

தோழர்களே, இன்றே உங்கள் போனின் செட்டிங்ஸைத் திறந்து, கடைசிச் செக்யூரிட்டி அப்டேட் வந்த தேதியைப் பாருங்கள். புதுப் போன் வாங்கப் போனால், கேமரா எத்தனை என்று கேட்குமுன், அப்டேட் எந்த நாள் வரை என்று கேளுங்கள். அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு மத்திய நுகர்வோர் துறைக்கு அனுப்புங்கள்.

கெடு வைப்பவர் அவராக இருக்கலாம். அந்தக் கெடுவை மறைத்து வைக்கும் உரிமை அவருக்கு இல்லை!