காதுக்கு ஒரு காஸ்க்

கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் டிஜே வைப்பது எங்கள் ஆழ்வார்திருநகரி பக்கமும் வந்துவிட்டது. அதைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நம் காலத்தில் புளியமரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஊரையே எழுப்பியவர்கள்தானே நாம்! அன்றைய ரேடியோ செட்காரருக்கு அடுத்த பாட்டைத் தனியாகக் கேட்டுப் பார்க்க ஒரு வசதியும் கிடையாது. இசைத்தட்டின் ஓரத்தைக் கண்ணால் பார்த்து, விரல் நடுங்காமல் முள்ளை வைப்பார். இன்றைய பிள்ளைகள் அதைக் காதால் செய்கிறார்கள். ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்ததை ஹெட்போனில் கேட்டு, தாளம் பொருந்தும் இடத்தில் கோக்கிறார்கள்.

எங்கள் தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ஒரு தம்பி டிஜே வேலையும் பார்க்கிறான். மற்ற நாட்களில் வீட்டு மாடி அறையில் மெத்தை, போர்வையெல்லாம் தொங்கவிட்டு வில்லுப்பாட்டுக் குழுக்களைப் பதிவு செய்து தருகிறான். “தாத்தா, ரெண்டுக்கும் சேத்து ஒரே ஹெட்போனா வாங்கிரலாம்னு நெனைக்கேன், எது வாங்கட்டும்?” என்று கேட்டான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எந்தச் சாமானோடு வரும் கையேட்டையும் பிரெஞ்சுப் பக்கம் உட்பட விடாமல் வாசிப்பவன் என்று தெருவில் பெயர். பிரெஞ்சில் ஹெட்போனுக்குக் ‘காஸ்க்’ என்று பெயர். ஸ்கூட்டர்காரர் தலையில் போடும் கவசத்துக்கும் அதே சொல்தான். டிஜேக்காரருக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

என் கட்சி இதுதான்: வேலைக்கு வாங்கும் ஹெட்போன் காதுக்கு இனிக்க வேண்டியதில்லை, உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். கடையில் போட்டுக் காட்டியதும் ‘ஆகா!’ என்று தோன்றுவது பெரும்பாலும் அடித்தொனியைக் கூட்டி வைத்ததாக இருக்கும். பஸ்ஸில் பாட்டுக் கேட்க அது நல்லதுதான். அதை மாட்டிக்கொண்டு வில்லுப்பாட்டைக் கலந்தால் என்ன ஆகும்? குடத்தின் ஒலி நிஜத்தைவிடப் பெரிதாகக் கேட்கும். பையன் அதைக் குறைப்பான். பதிவை மும்பையில் இருக்கும் சொந்தக்காரர் சாதாரண செல்போனில் போட்டுக் கேட்பார். வில்லின் மணியும் ஜால்ராவும் மட்டும் கணகணக்கும், குடம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பாடியவர் அறுபது எழுபது வயதுக்காரர். இன்னொரு தடவை அவர் அதே தெம்போடு வந்து உட்காருவார் என்பது நிச்சயமில்லை.

பதிவின்போது பாடுகிறவர் காதில் மாட்டுவது மூடிய வகையாக இருக்க வேண்டும். முதுகுப்புறம் வலை வைத்த திறந்த வகையில் ஒலி வெளியே கசிந்து மைக்குக்குள் புகுந்துவிடும். கலவை வேலைக்குத் திறந்த வகையில் ஒலி இயல்பாக, நெருக்கடி இல்லாமல் இருக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் கீழே மோட்டார் போடும் வீட்டு மாடியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

டிஜே வேலையின் தேவை வேறு. ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் பந்தல். ஆகவே ஒரு பக்கக் கிண்ணம் திரும்ப வேண்டும், கீழே விழுந்தாலும் உடையக் கூடாது, வெளிச் சத்தத்தை நன்றாக அடைக்க வேண்டும். 1988-இல் வந்த சென்ஹைசர் எச்டி 25 இன்றும் டிஜேக்கள் கையில் இருப்பது அதனால்தான். எடை குறைவு; ஒயர் போனால் ஒயர், கிண்ணம் போனால் கிண்ணம் என்று தனித்தனியாக மாற்றலாம். ஸ்டுடியோக்காரர்களிடம் பல வருடமாக நிலைத்திருப்பது 1991-இல் வந்த சோனி எம்டிஆர்-7506. ஜால்ரா ஒலியைச் சற்றுக் கூர்மையாகவே காட்டும், அதைப் பழகிக்கொள்ள வேண்டும். சுருள் ஒயரைக் கழற்ற முடியாது என்பது ஒரு குறை. இரண்டையும் வாங்க முடியாதென்றால் எதை விடுவது என்று கேட்டான். டிஜேக்கு ஸ்டுடியோ ஹெட்போனை வைத்துச் சமாளிக்கலாம், மூடிய வகையாக இருந்தால். பந்தலில் ஒரு பாட்டு கொஞ்சம் தடுமாறினால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

அட்டைப்பெட்டியில் ‘5 முதல் 35,000 ஹெர்ட்ஸ்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். இளங்காதே 20,000-க்கு மேல் கேட்காது. நம் வயதில் அதில் பாதி கேட்டாலே பாக்கியம். ஓம் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். பையர்டைனமிக் டிடி 770 புரோ ஒரே பெயரில் 32, 80, 250 ஓம் என்று வருகிறது. 250-ஐ வாங்கிச் செல்போனில் சொருகினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். புளூடூத்தும் இந்த வேலைக்கு ஆகாது. ஒலி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பிந்தி வரும், தாளம் எப்படிச் சேரும்?

இனி அந்தக் கவசச் சங்கதி. 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது தொழிலாளர் நலத்தில் வழங்கும் ஒரு கணக்கு. மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டு. 100-க்கு வந்தால் கால் மணிதான். பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் 100 சர்வ சாதாரணம். வெளிச் சத்தத்தை அடைக்காத ஹெட்போனைப் போட்டவன் அதையும் மீறிக் கேட்க ஒலியைக் கூட்டுவான். இரவு முடிந்து வீட்டுக்கு வந்தால் காதில் சில்வண்டு இரையும். அந்தத் தம்பிக்கு ஏற்கெனவே இரைகிறதாம், “காலையில சரியாயிரும் தாத்தா” என்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. முதலில் திருநெல்வேலிக்குப் போய்க் காது டாக்டரிடம் காட்டிவிட்டு வா, அதன் பிறகு ஹெட்போனுக்குப் பணம் கட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

வாங்கும்போது காது மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வைகாசிப் புழுக்கத்தில் வியர்வை பட்டு முதலில் உரிவது அதுதான். பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், பெயர்பெற்ற மாடல்களுக்கெல்லாம் போலி உண்டு.