அளவறிந்து வாங்குக

சென்ற ஞாயிறன்று நுவரெலியாவை அடுத்த தோட்டமொன்றிலிருந்து இளைஞர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். திருமண வீடுகளில் எடுக்கப்படும் படங்களைக் கணினியில் தொகுத்துக் கொடுத்துப் பிழைக்கிறவர். பழைய கணினி தளர்ந்துவிட்டது. நீரால் குளிரூட்டப்படும் புதியதொன்றை வாங்க எண்ணியிருக்கிறார்.

"ஐயா, ரேடியேட்டர் 240 போதுமா, 360தான் வேண்டுமா? நண்பர்கள் எல்லோரும் பெரியதையே வாங்கச் சொல்கிறார்கள்" என்றார்.

அந்தப் பணத்தில் பாதி அவருடைய தாயார் கொழுந்து பறித்துச் சேமித்தது. நாட்கூலி ஆயிரம் ரூபாயாவதற்கே 2021ஆம் ஆண்டு வரை காத்திருந்த மலையகத்தில் இது விளையாட்டுக் கேள்வியன்று.

ரேடியேட்டர் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது பஸ்தான். ஹட்டனை நோக்கிக் கினிகத்தேனை ஏற்றத்தில் வண்டி முனகிக்கொண்டு ஏறும்போது எஞ்சின் கடுமையாக உழைக்கிறது. வேகமோ குறைவு, ஆகவே எதிர்க்காற்றும் குறைவு. சூடு பெருகிக் காற்றுக் குறைந்தால் நீர் கொதிக்காமல் என்ன செய்யும்? கணினிக்குள்ளும் இதே கதைதான். புராசசர் எனப்படும் செயலியின் சூட்டை நீர் சுமந்து வருகிறது. மெல்லிய தகடுகளினிடையே விசிறி செலுத்தும் காற்று அதனை ஏற்றுக்கொள்கிறது. 1901ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் மேபாக் என்னும் ஜெர்மானியர் மெர்சிடிஸ் காருக்கு அமைத்த ரேடியேட்டரில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. காற்றுத் தொடும் பரப்பைப் பெருக்குவதே அவர் நோக்கம். ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு: சூடு எவ்வளவு? அதை ஏற்கும் காற்று எத்தகையது?

முதலில் சூடு. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பலாகாது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம். 4 வகைச் செயலிகளுள் 105 வாட் என்று குறிக்கப்பட்டவை 142 வாட் வரை மின்சாரம் இழுக்கும். இன்டெல்லின் ஐ9-13900கே 125 வாட் என்று பெயர் பெற்றும் 253 வாட் வரை ஏறும். நம் இளைஞர் தேர்ந்திருப்பது முன்னதை.

இனி அளவு. 240 என்றால் 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு. 360 என்றால் மூன்று. 280 என்றால் 140 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு. விசிறிகள் மூடும் பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்: 240க்கு 288 சதுர சென்டிமீட்டர், 280க்கு 392, 360க்கு 432. பெயரில் பின்தங்கிய 280, பரப்பில் 360ஐ ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிடுகிறது! நீர் காற்றைவிடப் 10 பாகை சூடாயிருக்கையில், 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றின் பங்கு மிதமான வேகத்தில் சுமார் 100 வாட் சூட்டை வெளியேற்றும் என்பது தோராயக் கணக்கு. எனவே 240இல் 142 வாட் சூடேறினால், நீர் காற்றைவிட 7 பாகையளவே உயரும்.

அடுத்தது காற்று. கொழும்பில் அறைக்காற்று 28 பாகையாயின் நீர் 35இல் நிற்கும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 16 பாகைதான். 1,868 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்தது. அதே விசிறி அதே வேகத்தில் தள்ளும் காற்றின் எடை ஆறில் ஒரு பங்கு குறையும். அதனால் உயர்வு 9 பாகை என்றே கொள்வோம். அப்போதும் நீர் 25 பாகைதான். மலை ஒரு கையால் எடுத்துக்கொள்வதைவிட மறு கையால் கொடுப்பதே அதிகம். மூடுபனி நாட்டில் குழாய் வியர்த்துச் சொட்டுமோ என்ற அச்சமும் வேண்டாம். அறைக்காற்றைவிட நீரைக் குளிர்விக்க ரேடியேட்டரால் இயலாது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. ரேடியேட்டர் காண்பது மலைக்காற்றையன்று, அறைக்காற்றை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் குளிருக்கு அஞ்சிச் சன்னலைச் சாத்திவிட்டால், கணினி உண்ணும் மின்சாரம் முழுவதும் அறைக்குள்ளேயே சூடாய்த் தங்கும். காற்றுச் செல்லாவிடில் எவ்வளவு நீண்ட தொட்டியில் பரப்பினாலும் கொழுந்து வாடாது என்பதை ஸ்டோரில் வேலை செய்வோர் அறிவர்.

பெரியதால் பயனே இல்லையா? உண்டு. விசிறி மெல்லச் சுழலும், ஓசை குறையும். தாய் உறங்கும் அறையிலேயே மகன் இரவு வேலை செய்யும் வீட்டில் அது சிறு நன்மையன்று. வரைகலை அட்டையையும் அதே நீரோட்டத்தில் இணைப்பவர்க்கு இன்னும் பல நூறு வாட் சேரும். அவருக்கு 360 ஆடம்பரமன்று. மற்றவர்க்கு, பெட்டியில் இடமிருந்து விலையும் ஒத்துவந்தால் 280 நன்று. இல்லையேல் 240 போதும்.

இவ்வளவையும் கேட்ட இளைஞர் சற்று நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"அப்படியானால் 240தான் ஐயா."

"மீதிப் பணத்தை என்ன செய்வீர், தம்பி?"

"மின்வெட்டுக்கு ஒரு யு.பி.எஸ். வாங்கப் பார்க்கிறேன். மிஞ்சினால் அம்மாவுக்கு ஒரு நல்ல கம்பளி. சன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டீர்களே!"