ஆஸ்டனுக்குத் திரும்பிய சத்தம்

பர்மிங்காம் நகரத்தின் ஆஸ்டன் பகுதியில் கால்பந்து ஆட்டம் நடக்கும் நாளென்றால் பையன்களுக்குக் கொண்டாட்டம். வில்லா பார்க் மைதானத்துக்கு வருகிறவர்கள் சந்துகளில் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போதே ஓடிப்போய், "வண்டியப் பாத்துக்கட்டுமா சார்?" என்று நிற்பார்கள். ஆட்டம் முடிந்து வந்தால் கையில் சில்லறை விழும். 1950களின் கடைசியில் அப்படிக் காசு பார்த்த பையன்களில் ஜான் மைக்கேல் ஆஸ்பர்னும் ஒருவன். லாட்ஜ் ரோட்டில் 14ஆம் எண் வீடு. ஆறு பிள்ளைகள், வீட்டுக்குள் கழிப்பறை கிடையாது. மைதானம் நடந்துபோகும் தூரம்.

2025 ஜூலை 5ஆம் தேதி அதே வில்லா பார்க்கில், மேடைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புச் சிம்மாசனம் மெல்ல மேலே எழுந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பையன்தான், ஓஸி ஆஸ்பர்ன். வயது 76. பார்க்கின்சன் நோயால் எழுந்து நிற்க முடியவில்லை. ஆனாலும் பாட்டின் வேகத்தில் உடம்பு இருக்கையை விட்டு எழும்பப் பார்த்துக்கொண்டே இருந்தது. சுற்றிலும் சுமார் 40,000 பேர். தனியாகச் சில பாடல்கள் பாடிய பிறகு, டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்டு மூவரோடும் சேர்ந்தார். பிளாக் சாபத் இசைக்குழுவின் முதல் நால்வரும் ஒரே மேடையில் நின்று 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்கு பேரும் ஆஸ்டன் பையன்கள். அன்று நான்கே பாட்டுகள் வாசித்தார்கள்.

இணைய நேரலையில்தான் நான் பார்த்தேன். மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ், ஸ்லேயர், டூல் என்று உலகத்தின் பெரிய குழுக்களெல்லாம் அன்று முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக வந்து வாசித்துவிட்டுப் போயின. அவரவர் பாட்டுக்கு நடுவில் பிளாக் சாபத்தின் பாட்டையோ ஓஸியின் பாட்டையோ வாசித்தார்கள். அவை சிறப்பாகவே இருந்தன. ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. இந்த ஓசை எந்தத் தெருவில் பிறந்ததோ அந்தத் தெருவுக்குப் பக்கத்திலேயே கேட்கிறது என்பதுதான்.

அது எப்படிப் பிறந்தது என்பதை, குழுவில் கிட்டார் வாசிக்கும் அயோமியின் வலது கையிலிருந்துதான் சொல்ல வேண்டும். 1965. அயோமிக்கு 17 வயது. தகட்டுத் தொழிற்சாலையில் வெல்டர். ஒரு குழுவோடு ஜெர்மனிக்கு வாசிக்கப் போவதாக முடிவாகி, வேலையை விடும் கடைசி நாள். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், இனி போகப்போவதில்லை என்கிறான். ஒத்துக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைக்கிறார். பிரஸ் மெஷினில் நிற்க வேண்டிய ஆள் அன்றைக்கு வரவில்லை. பழக்கமில்லாத பையனை அதில் நிறுத்துகிறார்கள். மெஷின் கையின் மேல் இறங்குகிறது. பதறிக் கையை வெடுக்கென்று இழுக்கிறான். நடுவிரலிலும் மோதிர விரலிலும் நுனிகள் போய்விட்டன.

அயோமி இடதுகைக்காரர். ஆகவே தந்திகளை அழுத்துவது வலது கை. போனது அந்தக் கையின் விரல்கள். இனி கிட்டார் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சுருண்டு கிடந்த பையனைப் பார்க்க ஆலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிட்டார். 1928இல் தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலற்றுப்போன பிறகும் வாசித்த மனிதர் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு பையன் பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கினான். அதை உருட்டி, விரல்நுனிக்குப் பொருந்தும்வரை தேய்த்தான். தந்தி வழுக்காமலிருக்கப் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி ஒட்டினான். தொழிற்சாலையில் கற்ற கைவேலைதான் அது. உறை போட்ட விரலுக்குத் தந்தியின் ஸ்பரிசம் தெரியாது. கெட்டித் தந்தியை அழுத்தினால் வலிக்கும். அன்று கடையில் மெல்லிய கிட்டார் தந்திகள் கிடைக்காததால் பாஞ்சோ தந்திகளை வாங்கிக் கட்டினான். போகப்போக ஸ்ருதியையும் இறக்கினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு மூன்று அரைச்சுரம் இறக்கிய ஸ்ருதி. தளர்ந்த தந்தியிலிருந்து வந்த அந்தக் கனத்த, இருண்ட ஓசையைத்தான் ஹெவி மெட்டல் என்று உலகம் முழுக்கப் படித்துக்கொண்டார்கள்.

ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து ஓர் இசைவகையே வந்தது என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். நான் அதை அப்படியேதான் நம்புகிறேன். அயோமி மட்டுமில்லை. ஓஸியின் அப்பா ஜாக், ஜிஇசி ஆலையில் நைட் ஷிப்ட் பார்த்த டூல் மேக்கர். அம்மா லூக்காஸ் கம்பெனியில். அதே லூக்காஸில் ஓஸியும் கொஞ்ச காலம் கார் ஹாரன்களுக்கு ஒலி சரிபார்த்தார். அதற்கு முன்னும் பின்னும் கசாப்புக்கூடம், திருட்டு, அபராதம் கட்ட அப்பா மறுத்ததால் வின்சன் கிரீன் சிறையில் ஆறு வாரம். பின்னால் மகன் பாடப்போகிறேன் என்றபோது கடன் வாங்கி ஒலிபெருக்கிச் சாதனம் எடுத்துக்கொடுத்ததும் அதே அப்பாதான். குழு பெயர் எடுத்த பிறகு, ஆலையில் அலுமினியத்தில் சிலுவைகள் செய்து நால்வருக்கும் கொடுத்தார். சாத்தான் கூட்டம் என்று ஊரே ஏசிய குழுவின் கழுத்தில் தொங்கியது, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று ஒரு தகப்பன் கைப்பட அறுத்துத் தேய்த்த காப்பு. நம் ஊரில் கறுப்புக்கயிறு கட்டி அனுப்புவதைப் போல.

ஆஸ்டனை அடுத்த ஹேண்ட்ஸ்வொர்த்தில்தான் 18ஆம் நூற்றாண்டில் மேத்யூ போல்டன் தன் சோஹோ பட்டறையை எழுப்பினார். ஜேம்ஸ் வாட்டும் அவரும் கூட்டாளிகளாகி நீராவி எந்திரத்தை உலகத்துக்கு விற்றது இங்கிருந்துதான். ஆயிரம் தொழில்களின் நகரம் என்று பர்மிங்காமுக்குப் பெயர். ஆயுதமும் எந்திர உதிரியும் செய்த ஊர் என்பதால் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியக் குண்டுகளுக்கு 2,000-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொடுத்தது. பிளாக் சாபத் நால்வரும் 1948, 49இல் பிறந்து, இடிபாடுகளில் ஓடியாடி வளர்ந்தவர்கள். அவர்களுடைய போர் எதிர்ப்புப் பாட்டு அபாயச் சங்கின் ஊளையோடு தொடங்குவதை வெறும் ஒலி அலங்காரமாக என்னால் கேட்க முடிந்ததில்லை. சற்றுத் தள்ளி, வால்சால் ஊரில் வளர்ந்த ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு, பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த இரும்பாலைகளைப் பற்றிப் பல முறை சொல்லியிருக்கிறார். அந்தக் காற்றைத்தான் இவர்கள் எல்லாரும் மூச்சிழுத்தார்கள்.

உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். பிளாக் சாபத் நால்வரும் முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் ஒரே நாளில் ஒலிப்பதிவு செய்து முடித்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. விமர்சகர்கள் காறித் துப்பினார்கள். ஜனங்கள் வாங்கினார்கள். பர்மிங்காமோ தன்னைப் பற்றி வெளியூராருக்குச் சொல்லும்போது இந்தப் பையன்களை வெகுகாலம் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. லிவர்பூல் பீட்டில்ஸை வைத்து ஒரு சுற்றுலாவையே கட்டிக்கொண்ட ஆண்டுகள் அவை. பிராட் ஸ்ட்ரீட் நடைபாதையில் ஓஸிக்கு ஒரு நட்சத்திரம் பதிக்கப்பட்டது 2007இல்தான். கால்வாய்ப் பாலம் ஒன்றுக்குக் குழுவின் பெயரைச் சூட்டி, நால்வர் முகங்களோடு பெஞ்சு போட்டது 2019இல். நகரத்தின் ராயல் பாலே அவர்கள் இசைக்கு ஆடியது 2023இல். அதே ஆண்டு நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்தில் வந்து நின்ற 10 மீட்டர் உயர எந்திரக் காளைக்கு மக்கள் வாக்களித்து வைத்த பெயர் ஓஸி. நகரத்தின் உயர்ந்த மரியாதையான 'நகர உரிமை'யை நால்வரும் பெற்றது, வில்லா பார்க் கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால்.

இந்த வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையை வைத்துப் பார்க்கிறேன். ஆஸ்டனின் ஆன்செல்ஸ் மதுவாலை 1981இல் மூடப்பட்டது. லாங்பிரிட்ஜ் கார் ஆலை 2005இல் முடங்கியபோது 6,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். தெருவெல்லாம் வினிகர் வாசம் பரப்பிய ஹெச்பி சாஸ் ஆலை 2007இல் நெதர்லாந்துக்குப் போனது. ஆலைச் சத்தம் ஓயஓய, அந்தச் சத்தத்தை இசையாக்கியவர்களுக்கு மரியாதை கூடியிருக்கிறது. பிரஸ் மெஷின் தெருமுனையில் இடித்துக்கொண்டிருந்த காலத்தில் அதை இசையில் வேறு கேட்பானேன் என்று இருந்திருக்கும். இன்று அந்த நகரத்தில் பெரிய ஆலையை உள்ளே போய்ப் பார்த்த பேரப்பிள்ளைகள் குறைவு. தாத்தா எந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றார் என்பதை அவர்கள் இந்தப் பாட்டில்தான் கேட்டுக்கொள்ள முடியும். அந்தக் காளையைக்கூட 2022 காமன்வெல்த் போட்டித் தொடக்க விழாவில் இழுத்து வந்தவர்கள், 1910இல் கூலிக்காகப் போராடிய சங்கிலிப் பட்டறைப் பெண்களின் வேடத்தில்தான் வந்தார்கள்.

அதனால்தான் சொந்த ஊர்க் கச்சேரிக்குப் போவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தற்செயலோ என்னவோ, ஜெர்மனியின் ஸ்கார்பியன்ஸ் குழுவும் அதே ஜூலை 5 அன்று தங்கள் ஹானோவரில் 60 ஆண்டு நிறைவைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அங்கே வாசிக்க ஒப்புக்கொண்டிருந்ததால் ஜூடாஸ் பிரீஸ்ட், பக்கத்து ஊராக இருந்தும், வில்லா பார்க்குக்கு வர முடியவில்லை. எந்த ஊரிலும் ரசிகன் பாட்டைக் கேட்கலாம். பாட்டு எதைப் பற்றி என்று யாரும் விளக்காமலே தெரிந்தவர்கள் கூடி நிற்பது அந்த ஓர் ஊரில் மட்டும்தான்.

ஒரு குறையைச் சொல்லாமல் விட மனமில்லை. அன்றைக்கு மிகக் குறைந்த சீட்டே 200 பவுண்டை ஒட்டியது. பார்க்கின்சன் ஆய்வுக்கும் நகரத்தின் குழந்தைகள் மருத்துவமனைக்கும் தீராநோய்க் குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லத்துக்கும் போகும் பணம் என்பது உண்மை, நல்ல காரியம். இருந்தாலும், மைதானத்தைச் சுற்றியிருக்கிற வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு, பெரும்பாலும் உழைத்துப் பிழைக்கிற குடும்பங்களுக்கு, அது எட்டாத விலை. ஓஸி வளர்ந்த தெருவிலிருந்து ஒரு பையன் அன்று உள்ளே போயிருக்க முடியுமா? நகராட்சியோ 2023 செப்டம்பரில் கையில் காசில்லை என்று அறிவித்துவிட்டு, கலை நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்த நிதியை இரண்டே ஆண்டில் சுத்தமாக வெட்டியது. கச்சேரி நடந்த கோடையில் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குப்பை குவிந்திருந்தது. வயதானவர்களுக்குப் பட்டம் கொடுக்கும் நகரம், அடுத்த 17 வயதுப் பையனுக்கு ஒத்திகை பார்க்க ஓர் அறை கொடுக்குமா என்பதே என் கேள்வி. ஹேண்ட்ஸ்வொர்த் தெருக்கள் 1975இல் ஸ்டீல் பல்ஸ் என்ற ரெகே குழுவைத் தந்தன. பஞ்சாபிலிருந்து வந்து வார்ப்பாலைகளில் உருக்கு ஊற்றியவர்களின் பிள்ளைகள் பாங்ராவை இந்த நகரத்தில் புதிதாக்கினார்கள். அவர்களும் அதே ஆலைகளின் பிள்ளைகள்தான். அவர்களுக்கான மேடையும் வில்லா பார்க் அளவுக்கு விரிய வேண்டும்.

கச்சேரி முடிந்து 17 நாளில், ஜூலை 22ஆம் தேதி ஓஸி இறந்துபோனார். 30ஆம் தேதி அவர் உடல் பிராட் ஸ்ட்ரீட் வழியாக வந்தது. பித்தளை வாத்தியக்காரர்கள் முன்னால் வாசித்துக்கொண்டு நடக்க, பாலத்துப் பெஞ்சு பூக்களால் மூடிக்கிடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நின்றார்கள்.

எனக்கு ஜூலை 5 இரவில் பார்த்த ஒன்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. கடைசிப் பாட்டு. கேமரா அயோமியின் கைக்கு நெருக்கமாகப் போகிறது. 77 வயதுக்காரரின் விரல்கள் தந்திமேல் அவசரமில்லாமல் ஏறி இறங்குகின்றன. பிரஸ் மெஷின் இறங்கி 60 ஆண்டுகள். நடுவிரலிலும் மோதிர விரலிலும் உறைகள்.