தொட்டிச் செடியும் நுரையீரலும்

2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. அதன் பிறகு என்னிடம் சிகிச்சைக்கு வருவோர் பலரும் கேட்கும் கேள்வி: "வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகுமா, டாக்டர்?"

ஆகாது என்பதே என் கருத்து. இந்த நம்பிக்கைக்கு வித்திட்டது 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வு. அது காற்றுப் புகாத சிறு அறைகளில் நடத்தப்பட்டது. ராயபுரத்து ஒற்றை அறை வீட்டிலும் கதவும் சன்னலும் உண்டு. அவற்றின் வழியே வந்துபோகும் காற்றுக்கு முன் நான்கு தொட்டிகள் எம்மாத்திரம்? செடியை நம்பி இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

மனமகிழ்ச்சிக்காக எனில் தாராளமாக வளர்க்கலாம். முதன்முறை வளர்ப்போருக்கு மணி பிளாண்ட் ஏற்றது. (குழந்தைகள் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாய் எரியும்.) கூடத்து டியூப் லைட் நம் கண்ணுக்குப் போதும், செடிக்குப் பெரும்பாலும் போதாது. சன்னலிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் வையுங்கள். லாரிகள் ஓயாத சாலையோர வீடுகளில் இலைமேல் தூசி படிந்து ஒளியை மறைக்கும், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

தொட்டி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பழைய பிளாஸ்டிக் வாளியும் போதும். ஆனால் அடியில் துளை கட்டாயம். இல்லையேல் வேர் அழுகும், ஈரம் வற்றாத மண்ணில் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு அது நல்லதன்று.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும்; ஏறக்குறைய பத்து நாளில் அது பறக்கும் கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டைகள் விளிம்பில் ஒட்டியிருக்கும், தேய்த்துக் கழுவுங்கள். புட்டி நீரில் வளரும் மணி பிளாண்டுக்கும் இதுவே முறை.